முதலில் சொன்ன பலன்

அந்த அக்காவிடம் கெட்ட கனவு என்று ஒன்று கிடையவே கிடையாது. பாம்பு வந்தாலும் நல்லது, பல் விழுந்தாலும் நல்லது, செத்துப்போன மாமனார் வந்து சோறு கேட்டாலும் நல்லது. நாம் வாயைத் திறப்பதற்குள் "நல்லதுதான், சொல்லு" என்று முந்திக்கொள்வார். கேட்டுவிட்டு அப்புறம் நல்லது என்றால் லேட்டாகிவிடுமாம்.

நான் கனவை நம்புகிற ஆளில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வளர்ந்தது அணுபுரம் குடியிருப்பில். அப்பாவுக்கு அணுமின் ஆலையில் வேலை. காலையில் அம்மா "ஒரு கெட்ட சொப்பனம்" என்று இழுத்தால், "ராத்திரி சாப்பிட்ட பரோட்டா" என்று பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமல் பதில் சொல்வார். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணான நான்தான் அந்த அக்காவின் கனவுக்குப் பலன் சொன்னேன். வாழ்க்கையில் ஒரே தடவை, ஒரே ஒரு வரி. அந்த வரியால் அவருடைய மகளின் கல்யாணம் நின்றது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சிறுசேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவன் செய்த வேலையில் நொட்டை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குவது. நாங்கள் பதினான்கு பேர் சேர்ந்து மாத வாடகைக்கு ஒரு வேன் பேசியிருந்தோம். காலை ஆறே முக்காலுக்கு அணுபுரம் வாசலில் ஏறினால் திருக்கழுக்குன்றம், திருப்போரூர், கேளம்பாக்கம் என்று போய் எட்டேகாலுக்குள் இறக்கிவிடும். திருக்கழுக்குன்றத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலனி வாசலில் அக்கா ஏறுவார். நான் வேலை பார்த்த அதே கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். நாற்பத்தைந்து வயது இருக்கும். நீல யூனிஃபார்ம் புடவை, மணிக்கட்டில் ஆம்பளை வாட்ச், கையில் ஒரு கட்டைப்பை. ஏறியதும் டிரைவருக்குப் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு, கண்டக்டர் டிக்கெட் கேட்பதுபோல வரிசையாக எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

"இன்னா, யாரும் ஒண்ணும் காணலயா? எல்லாம் கட்டையாட்டம் தூங்குனீங்களா?"

அதற்கு விதிகள் உண்டு. முகம் கழுவாமல் கனவைச் சொல்லக் கூடாது. ஒரு வாய் தண்ணீராவது குடித்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அவரிடம் சொல்வதற்கு முன்னால் வேறு யாரிடமும் வாயைத் திறந்திருக்கக் கூடாது. "பொண்டாட்டிகிட்ட சொன்னேன்க்கா" என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். "அது இன்னா சொல்ச்சி?" என்று பதறிக் கேட்பார். பொண்டாட்டி ஒன்றும் சொல்லவில்லை, தூங்கிவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விடுவார்.

ஒருநாள் நான் கேலியாகக் கேட்டேன், அது என்ன அப்படி ஒரு அவசரம் என்று.

"கனா ஊம பாப்பா. அதுக்கா ஒண்ணும் தெரியாது. மொதல்ல எவ வாயத் தொறக்குறாளோ, அவ சொல்றத புடிச்சிக்கினு நடக்கும். நல்ல வாயி முந்திக்கணும். அவ்ளோதான்."

டிரைவர் அண்ணனை ஒரு வாரமாகக் கனவில் பாம்பு துரத்தியது. மனுஷர் வெளிறிப் போயிருந்தார். அக்கா சிரித்தார்.

"நல்லதுதான். தொரத்திக்கினு வருதுன்னா சனி வெளிய போறதுக்கு வழி கேக்குது. நீ ஓடுனா அது எப்டி போவும்? இன்னிக்கி வந்தா நில்லு. ஒரு கடி வாங்கிக்க. அத்தோட உட்டுது."

"நீ ஈசியா சொல்ற. கடிக்கிறது என்னிய இல்ல?"

"கனால கடிச்சா எந்த ஆஸ்பத்திரிக்கு போப்போற? நில்லுன்னா நில்லு."

மறுநாள் வேன் வந்தபோதே டிரைவர் அண்ணன் முகமெல்லாம் பல். நின்றாராம், பாம்பு அவரைத் தாண்டிப் போய்விட்டதாம். நாங்கள் அப்படிச் சிரித்தோம்.

ஆனால் அக்கா கோபப்பட்டும் பார்த்திருக்கிறேன். அக்கவுண்ட்ஸில் வேலை பார்த்த ஒருவர் தன் பல்லெல்லாம் உள்ளங்கையில் உதிர்ந்ததாகக் கனவு கண்டார். அவர் சொல்லி முடிக்கும்போது பக்கத்து சீட்டுக்காரர், "பல்லு விழுந்தா வீட்ல பெரிய தலை..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். அக்கா எழுந்து போய் அவர் வாயைக் கையால் பொத்திவிட்டார். விளையாட்டில்லை, உண்மையாகவே பொத்தினார். "பழைய பேஜாரெல்லாம் உதுருதுன்னு அர்த்தம், பழைய பேஜாரு உதுருது" என்று இரண்டு தடவை சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கையை எடுத்தார். எனக்கு அன்றைக்குத்தான் இது வெறும் பொழுதுபோக்கில்லை என்று உறைத்தது.

எனக்கு வருவது பரீட்சைக் கனவு. வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷமாகியும் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை. பேனா எழுதாது, ஹால் நம்பர் தெரியாது, மணி அடித்துவிடும். இதைச் சொன்னபோது அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கெல்லாம் இந்தக் கனா வந்ததே இல்ல பாப்பா. எந்த ஹால்ல குந்துனேன், வர்றதுக்கு? அஞ்சாவதோட நாத்து புடுங்கப் போயிட்டேன். உன்னிய இன்னும் கூப்டுகினே கீறாங்க. நல்லதுதான். போயி எழுதிட்டு வா."



கேட்ட கனவுகளையெல்லாம் அவர் என்ன செய்கிறார் என்பது எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. ஆபீஸில் எங்கள் மாடி பாத்ரூமுக்குள் ஒரு காலையில் நுழைந்தேன். அக்கா வாஷ்பேசின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். குழாய் முழுக்கத் திறந்திருந்தது. கையை நனைக்கவில்லை. குனிந்து தண்ணீரிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "பல்லு விழுந்துச்சாம். இத்தோட போவணும். டிரைவருக்குப் பாம்பு வந்துச்சாம். இத்தோட போவணும். பாப்பாவுக்குப் பேனா எழுதலையாம். இத்தோட போவணும்." என் கனவை இன்னொருவர் வாயால் குழாயடியில் கேட்டபோது வந்த வேலையே மறந்துபோனது. சத்தம் போடாமல் வெளியே வந்துவிட்டேன். ஓடுகிற தண்ணீரிடம் கெட்ட கனவைச் சொல்லிவிட்டால் அடித்துக்கொண்டு போய்விடும் என்பது ஊரறிந்ததுதான், என் அம்மாவே செய்வாள். ஆனால் ஊரார் கனவை வாங்கி வந்து கொட்டுகிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்களிடம் "நல்லது" என்று சொன்ன எதையும் அவர் நல்லது என்று நினைக்கவே இல்லை.

ஏன் இப்படி என்று ஒரு மழை நாளில் சொன்னார். கேளம்பாக்கத்தில் இடுப்பளவு தண்ணீர், வேன் ஒன்றேகால் மணி நேரம் நின்றது. அவருடைய பிறந்த ஊர் கருங்குழிப் பக்கம். பதினோரு வயதில் ஒரு கனவு கண்டிருக்கிறார். வீட்டுக்குள் கலங்கல் தண்ணீர் வருகிறது, அடுப்பு மிதக்கிறது. காலையில் நடவுக்குப் போன இடத்தில், பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் சொல்லியிருக்கிறார். அந்தம்மா குனிந்த தலை நிமிராமல், "கலங்கத் தண்ணி வூட்டாண்ட வந்தா ஒரு உசுரு போவும்டி" என்றாளாம். நாலாம் நாள், ஆறு வயதுத் தம்பி ஏரியில் மூழ்கிப் போய்விட்டான்.

"கனா அவனக் கொல்லல பாப்பா. அந்தம்மா வாயி கொன்னுச்சி. நல்லதுன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பான். நான்தான் தப்பான ஆளாண்ட சொல்லிட்டேன்."

முப்பது வருஷத்துக்கு மேலாகியும் சொல்லும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அதுதான் என்னால் தாங்க முடியாதது. தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்துக்கொள்ளலாம்.

அக்காவுக்கு ஒரே மகள். புருஷன் எப்போதோ காலமாகிவிட்டார். மகள் செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். கூடுவாஞ்சேரியில் ஏசி மெக்கானிக்காக இருந்த ஒரு பையனோடு நிச்சயமாகியிருந்தது. இரண்டு பேருக்கும் பிடித்துப்போய் ஆறு மாதமாகப் போனில் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பத்திரிகை மாதிரியைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேனில் எல்லோரிடமும் காட்டினார். மஞ்சளா ரோஸா என்று ஓட்டெடுப்பு நடந்தது. கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா வேனில் ஏறியதும் யாரிடமும் கனவு கேட்கவில்லை. நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் மடியில் லேப்டாப். முந்தின நாள் நான் சரி என்று அனுப்பிய ஒரு புரோகிராம் வாடிக்கையாளரிடம் போய் விழுந்துவிட்டது. ஒரு காதில் போன், அதில் மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார்.

"பாப்பா, எனக்கு ஒரு கனா."

"சொல்லுங்கக்கா" என்றேன், திரையைப் பார்த்துக்கொண்டே.

"நீ பலன் சொல்லணும். என் கனாவுக்கு நானே சொன்னா ஒட்டாது. கொழாகிட்ட சொன்னேன், பாதியில தண்ணி நின்னுபூட்ச்சி. டேங்க் காலி. காலைலேந்து கையி காலு ஓடல."

"நானா? போங்கக்கா, எனக்கு என்ன தெரியும்?"

"நீ நம்பாதவ. நம்பாத வாயிலேந்து வர்ற நல்ல வார்த்தைக்கு வலு ஜாஸ்தி. நல்லதுதான்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

என்ன சொல்ல வேண்டும் என்பதைக்கூட எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார், பாருங்கள். அதைத் திருப்பிச் சொல்வதற்கு ஒரு கிளிப்பிள்ளை போதும்.

அவர் சொன்னார். மகளுக்குக் கல்யாணம். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, மேளம். மகள் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். இவர் கூப்பிடுகிறார், அவளுக்குக் காது கேட்கவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைத்து எழுந்துகொண்டாராம்.

காதில் மேனேஜர், "யார் பார்த்து ஓகே பண்ணது?" என்று கேட்டார். நான் எரிச்சலில் இருந்தேன். வேன் பள்ளத்தில் இறங்கி ஏறியது. பாதி கேட்டும் கேட்காமலும், "ஐயையோ, கல்யாணக் கனவா? கல்யாணம் கண்டா சாவுன்னு இல்ல எங்கம்மா சொல்வாங்க!" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு மேனேஜருக்குப் பதில் சொல்லத் திரும்பினேன்.

பதில் சொல்லி முடிக்க முப்பது நொடி ஆகியிருக்கும். திரும்பிப் பார்த்தேன். அக்கா அப்படியே இருந்தார், வாய் லேசாகத் திறந்து. பாவி, நான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று அப்போதுதான் என் காதில் விழுந்தது.

"அக்கா, ஐயோ அக்கா, சும்மா சொன்னேன். நல்லதுதான். ரொம்ப நல்லது. நல்லதுதான்க்கா!"

"பரவால்ல பாப்பா" என்றார். என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். "வந்துடுச்சி இல்ல. வுடு."

எழுந்து தன் சீட்டுக்குப் போய் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். திரும்பி உட்காராமல் அவரை நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த வாரம் வேனுக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. டிரைவர் அண்ணன்தான் சொன்னார்: "அக்கா பொண்ணு கல்யாணம் நின்னுபூட்ச்சி, தெரியுமா? மாப்ள வூட்ல ஒண்ணும் தகராறு இல்ல. அக்காவே போயி வாணாம்னு சொல்லிட்டு வந்துடுச்சாம். மண்டபத்துக்குக் குடுத்த துட்டு கூட கேக்கல."

இரண்டு நாள் கழித்து மகளே எங்கள் கட்டடத்து வாசலுக்கு வந்துவிட்டாள். செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒல்லியான பெண், கண்கள் வீங்கியிருந்தன.

"நீங்கதானே? எங்கம்மாவாண்ட இன்னா சொன்னீங்க?"

சொன்னேன். மறைக்கவில்லை.

"அவ்ளோதானா?" என்றாள். "ஒரு வார்த்தைக்கா? ஜாதகம் பாக்காம, ஒண்ணும் பாக்காம புடிச்சிருக்குன்னு கட்டிக்கலாம்னு இருந்தோம்க்கா. வந்து எடுங்க. சொன்ன வார்த்தைய நீங்களே வந்து எடுங்க."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அழைத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை கான்கிரீட் வீடு. கூடத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத பீரோ. அக்கா எங்களுக்குக் கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தார், என்னைப் பார்த்ததில் உண்மையாகவே சந்தோஷம். கோபம் துளி இல்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அம்மா எங்கள் குலதெய்வத்தின் மீது சத்தியம் செய்தாள். "நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே கிடையாதுங்க. இவ எங்கேயோ கேட்டு உளறிட்டா. எங்க ஊர்ல கல்யாணம் கண்டா கல்யாணம்தான்."

"நீங்க நல்லவங்கமா" என்றார் அக்கா. "புள்ளைக்காக பொய் சொல்றீங்க. நானும் சொல்லுவேன்."

நான் பொறுமை இழந்தேன். எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம், ஒரு தடவை பட்டும் புத்தி வரவில்லை. "உங்க தம்பி செத்தது யார் வாயாலயும் இல்லக்கா. அவனுக்கு நீச்சல் தெரியாது. அதனால செத்தான்" என்றேன்.

கதவோரம் நின்றிருந்த மகள் என்னைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இருக்கலாம் பாப்பா. எனுக்கும் அப்டித் தோணும். ஆனா அப்டி இல்லன்னா? ஒரு வாட்டி பாத்துட்டேன். இன்னொரு வாட்டி என்னால பாக்க முடியாது. இவ என்னிய திட்டிக்கினு இருக்கட்டும். திட்டறதுக்கு இருந்தா போதும்."

வெளியே வந்ததும் அம்மா என்னைத் திட்டவில்லை, பஸ் ஸ்டாப் வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். பிறகு எனக்குக் கல்யாணமானது, வேலை மாறியது, தாம்பரம் பக்கம் குடிபோனோம். அந்த வீட்டில் அப்புறம் என்ன நடந்தது என்று விசாரிக்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

ஏழு வருஷம் ஆகிவிட்டது. போன மாசம் ஆபீஸ் ஆட்களோடு மாமல்லபுரம் போயிருந்தேன். பிற்பகல் மூன்று மணி, நல்ல வெயில். தண்ணீர் பாட்டில் வாங்க பஸ் ஸ்டாண்டுக்குள் போனால், "பாப்பா!" என்று ஒரு குரல். பெஞ்சில் அக்கா. தலை முழுக்க நரைத்துவிட்டது. எழுந்து ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

மகளுக்கு இப்போது அங்கே ஒரு லேபில் வேலை. காலையில் அவளோடு பஸ்ஸில் வருகிறார். மூன்றரைக்கு அவள் வேலை முடியும் வரை அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்து கூடவே கூட்டிக்கொண்டு போகிறார். சிறுசேரி வேலையை அதற்காகவே விட்டுவிட்டார்.

"தினமுமா அக்கா?"

"பின்ன? தனியா உடுவேனா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு என் கையைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்தினார். "எம் பொண்ணு உசுரோட கீறா பாப்பா. முப்பத்திரண்டு ஆவுது. ஒரு காய்ச்சல் தலவலி இல்லாம கீறா. உன்னாலதான். நீ மட்டும் உள்ளத சொல்லாம, எல்லாரையும் மாதிரி நல்லது நல்லதுன்னு சொல்லியிருந்தா, நான் அனுப்பிச்சிருப்பேன். தெனம் உன் பேரச் சொல்லித்தான் வெளக்கேத்துறேன்."

என் கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்டேன். "நல்லா கீறான், நல்லா கீறான். ரெண்டு கொழந்தைங்க. நல்ல புள்ள பாவம்" என்றார்.

மூன்றரை தாண்டி மகள் வந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு தலையசைத்தாள். கோபமெல்லாம் எப்போதோ வற்றிப்போன முகம். பஸ் உள்ளே வர, அக்கா சீட் பிடிக்கக் கட்டைப்பையோடு முன்னால் ஓடினார்.

அவள் போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனுக்கும் ஒரு கனா வருதுக்கா" என்றாள். "வாரத்துல மூணு நாளாச்சும் வரும். யாராண்டயும் சொன்னதில்ல. உங்களாண்ட சொல்றேன். நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது. நல்லதுன்னும் சொல்லக் கூடாது."

தலையாட்டினேன்.

"கல்யாணம் நடக்குது. அதே மண்டபம். அவுரு பக்கத்துல குந்தினு கீறாரு. சட்டக் கையில ஒரு நூலு தொங்குது. நான் அத்தப் பிச்சி எடுக்கறேன். எங்கம்மா பந்தியில குந்தி சாப்புட்டுகினு கீது, சிரிச்சிகினு. அவ்ளோதான்க்கா. அங்கயே முடிஞ்சிடும்."

பஸ்ஸிலிருந்து அக்கா, "வாடி, வண்டி எடுக்குறான்!" என்று கத்தினார். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறினாள். அக்கா அவளை ஜன்னலோரம் உள்ளே தள்ளி உட்காரவைத்து, மறித்துக்கொண்டாற்போல இந்தப் பக்கம் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வளைவு திரும்பும் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.